வாசகர் கேள்வி பதில்: சமதரையில் இருக்கிற எங்களுக்கு மலை எதற்கு?

டிசம்பர் 11 சர்வதேச மலைகள் தினம் என்று சென்ற இதழில் ஓர் ஓரத்தில் சின்னக் குறிப்பு ஒன்று போட்டிருந்தோம். மலைக்காடுகளைக் காப்பதும் அழிந்ததை மீட்பதும் நம் எல்லோருக்கும் பொதுவான வேலை என்று அதில் நாலு வரி எழுதியிருந்தேன். இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. சில கடிதங்களில் கோபமும் இருந்தது. அதனால் இந்த முறை பக்கம் முழுவதையும் அதற்கே விட்டுவிட்டேன்.

*கேள்வி: வன்னியில் குளக்கட்டை விட உயரமான இடம் எத்தனை இருக்கிறது? எங்களுக்குக் குளம் திருத்த வேண்டும், வாய்க்கால் துப்புரவாக்க வேண்டும், யானை வேலி வேண்டும். மலையைப் பற்றி எங்களுக்கு எதற்கு எழுதுகிறீர்கள்? (கமக்காரர் ஒருவர், நானாட்டான்)*

ஐயா, நீங்கள் நானாட்டானில் இருந்து எழுதியிருப்பதால்தான் இந்தக் கடிதத்தை முதலில் எடுத்தேன். உங்கள் பக்கத்து வயல்களுக்குக் கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீர் வருகிறது, கட்டுக்கரைக்குத் தேக்கத்தில் மறித்த தண்ணீர் வருகிறது, தேக்கத்துக்கு அருவியாறு வருகிறது. சரி, அருவியாறு எங்கிருந்து வருகிறது? சிங்களத்தில் அதை மல்வத்து ஓயா என்பார்கள். 164 கிலோமீற்றர், நாட்டின் இரண்டாவது நீளமான ஆறு. அதைப் பிடித்துக்கொண்டு மேலே நடந்தால் மடுப் பக்கம், செட்டிகுளத்துப் பக்கம், அநுராதபுரம் எல்லாம் தாண்டிக் கடைசியில் ரிட்டிகல மலையில் போய் நிற்போம். உயரம் 766 மீற்றர்தான். ஆனால் வடபுறத்துச் சமவெளிகளில் அதற்கு மேல் ஒரு மலை இல்லை. கோடையில் கீழே காடு காய்ந்து சருகாகிக் கிடக்கிற நேரத்திலும் அதன் உச்சியில் காற்றுக் குளிர்ந்து ஈரம் இறங்கும். அதனால் ஈரவலயத்துச் செடிகள் அங்கே உயிரோடு நிற்கின்றன.

மலைக்காடு என்ன செய்கிறது என்பதை உங்களுக்குக் குளத்தை வைத்தே சொல்லலாம். துருசும் கட்டும் உள்ள ஒரு குளம் மண்ணுக்குள் இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். விழுகிற மழையை இலை தாங்கும், கீழே கிடக்கிற சருகு வேகத்தைக் குறைக்கும், வேர் போன துளை வழியாகத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும், பிறகு கிழமைக்கணக்கில் மாதக்கணக்கில் ஊற்றாகக் கசிந்து ஆற்றுக்கு வரும். காட்டை வெட்டினால் கட்டு உடைத்த குளம் மாதிரித்தான். முழுத் தண்ணீரும் ஒரே நாளில் ஓடும், அடுத்த மாதம் ஆறு காயும். ஓடுகிற தண்ணீர் வெறும் தண்ணீராக வராது, மேல்மண்ணையும் வாரிக்கொண்டு வரும். அந்த மண் எங்கே போய்ப் படியும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. குளத்துக்குள் அடைமண் ஏறி ஆழம் குறைந்த கதையை ஒவ்வொரு கமக்கார அமைப்புக் கூட்டத்திலும் பேசுகிறோம், ஆனால் அந்த மண் எந்தச் சரிவிலிருந்து இறங்கி வந்தது என்று யாரும் கேட்பதில்லை.

எல்லாவற்றையும் மலைமேல் ஏற்றிவிடவும் நான் வரவில்லை. அருவியாற்றின் நீரேந்துப் பரப்பில் பெரும்பகுதி சமதரைதான். இரணைமடுவுக்கு வருகிற கனகராயன் ஆறு எந்தப் பெரிய மலையிலும் பிறக்கவில்லை, வவுனியாப் பக்கத்துக் காட்டிலேதான் பிறக்கிறது. முத்தையன்கட்டுக்கு வருகிற பேராறும் அப்படித்தான். அங்கே நமக்கு மலை மாதிரி வேலை செய்வது குளத்துக்கு மேலே உள்ள காடு. அலைகரைக்கு மேலே இருக்கிற அந்தக் காட்டைச் சுத்தமாக வெட்டிவிட்டு, குளம் தூர்ந்துபோச்சு என்று தூர்வாரக் காசு கேட்பது எனக்கு மிகவும் வருத்தமான விஷயம். மேலே இருக்கிற நிலம் கெட்டால் கீழே இருக்கிறவன் அனுபவிப்பான் என்பது ரிட்டிகலவுக்கும் பொருந்தும், உங்கள் ஊர்ச் சின்னக் குளத்துக்கும் பொருந்தும்.

உலகத்தில் தரைப்பரப்பில் கிட்டத்தட்ட 27 வீதம் மலைப்பகுதி. மக்களில் 15 வீதம் பேர் அங்கே வாழ்கிறார்கள். ஆனால் அந்த மலைகளிலிருந்து வருகிற தண்ணீரைக் குடிப்பவர்களும் பயிருக்குப் பாய்ச்சுபவர்களும் அதைவிட எத்தனையோ மடங்கு. அவர்களில் நீங்களும் ஒருவர், ஐயா.

*கேள்வி: எங்கள் பாடசாலைக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பாறைமலை இருக்கிறது. சுற்றியுள்ள காடு போரின்போதும் அதற்குப் பிறகும் நிறைய வெட்டுப்பட்டுவிட்டது. ஜூன் 5 சுற்றாடல் தினத்துக்கு மாணவர்களைக் கொண்டு 500 கன்றுகள் நட நினைக்கிறோம். என்ன மரம் நடலாம்? (ஆசிரியை, ஒட்டுசுட்டான்)*

ரீச்சர், ஜூனில் நடாதீர்கள். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு. ஜூன் என்பது நமக்குக் கச்சான் அடிக்கிற காலம். மண் பாளமாக வெடித்துக் கிடக்கும், காற்று இலையில் உள்ள ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டு போகும். அன்றைக்குப் படம் எடுத்துவிட்டு வருவோம், ஆவணியில் போய்ப் பார்த்தால் குழியும் குச்சியும்தான் மிஞ்சும். அந்தத் தேதி உலகத்துக்குப் பொதுவாக வைத்த தேதி, நம் மழைக்கு ஏற்ற தேதி இல்லை. ஐப்பசியில் மழை விழுந்து மண் நன்றாக ஊறிய பிறகு நடுங்கள். மார்கழி முடியும்வரை வானமே தண்ணீர் ஊற்றும். ஜூன் 5 இல் பிள்ளைகளுக்கு வேறு வேலை கொடுக்கலாம், விதை சேர்ப்பது, பை நிரப்புவது, நாற்றுமேடைக்குப் பந்தல் போடுவது என்று.

அடுத்தது, நடுவதற்கு முன் ஒரு நாள் பிள்ளைகளோடு அந்த இடத்தைச் சும்மா சுற்றிப் பாருங்கள், மண்வெட்டி வேண்டாம், ஒரு கொப்பி போதும். வெட்டின அடிக்கட்டையிலிருந்து துளிர் வந்திருக்கிறதா, பற்றைக்குள் முதிரைக் கன்றோ வீரைக் கன்றோ தானாக முளைத்திருக்கிறதா, எந்தப் பக்கத்தால் மாடு ஏறுகிறது, எந்தப் பக்கத்தில் நெருப்பு வந்த அடையாளம் இருக்கிறது என்று எழுதச் சொல்லுங்கள். பெரும்பாலும் காடு தானாகத் திரும்பி வரப் பார்த்துக்கொண்டுதான் இருக்கும், மாடும் நெருப்பும் கத்தியும் விடுவதில்லை. அப்படிப்பட்ட இடத்தில் 500 கன்றுக்குச் செலவழிக்கிற காசை ஒரு நல்ல வேலிக்கும், ஆடி ஆவணியில் நெருப்பு ஏறாமல் இருக்கச் சுற்றிவரச் சருகு கூட்டிய ஒரு பாதைக்கும் செலவழித்தால் 500 ஐ விடக் கூடுதலான மரம் கிடைக்கும். மலையை மீட்கிறவர்களும் இன்றைக்கு இந்த வழிக்குத்தான் வந்திருக்கிறார்கள். முளைப்பதை முளைக்க விடு, எங்கே தானாக வரவே இல்லையோ அங்கே மட்டும் நடு.

அப்படி வெறுமையாக உள்ள இடத்தில் பாலை, முதிரை, வீரை, வேம்பு, கீழே ஈரம் நிற்கிற பக்கத்தில் மருது, நாவல். எல்லாம் பக்கத்துக் காட்டு விதையிலிருந்து எடுத்ததாக இருக்கட்டும். பாலை மெதுவாகத்தான் வளரும், நட்ட பிள்ளை பாடசாலையை விட்டுப் போகும்போதும் அது இடுப்பளவுக்கு நிற்கலாம். ஆனாலும் நடுங்கள். பாலைப்பழக் காலத்தில் கரடி, குரங்கு, பறவை எல்லாம் அந்த மரத்தைத் தேடி வரும். பழம் தின்ற வாயும் வயிறும் வேறு எத்தனையோ மரத்து விதையைக் கொண்டுவந்து போடும், அந்த வேலையை எந்தப் பாடசாலையாலும் செய்ய முடியாது.

பாறையின் மேல் மட்டும் குழி தோண்ட வேண்டாம். வெறும் கல் மாதிரித் தெரியும், ஆனால் பாறை இடுக்கில் ஒரு சாண் மண்ணில் வாழ்கிற புல்லும் சின்னச் செடியும் வேறு இடத்தில் வாழாது. பாறைக் குழியில் தேங்குகிற மழைநீர்தான் வெயில் தொடங்கும்வரை குருவிக்கும் உடும்புக்கும் தண்ணீர்த்தொட்டி. அதை அப்படியே விடுங்கள். இன்னொன்று, எத்தனை நட்டோம் என்று அறிக்கையில் எழுதுவதை விட்டுவிட்டு இரண்டு வருடம் கழித்து எத்தனை நிற்கிறது என்று எழுதுங்கள். அந்த எண்ணிக்கையை எனக்கு அனுப்பினால் இந்தப் பக்கத்தில் கட்டாயம் போடுவேன், சின்ன எண்ணிக்கையாக இருந்தாலும்.

*கேள்வி: பதுளைப் பக்கத்தில் என் மாமி குடும்பம் இன்னும் தேயிலைத் தோட்டத்து லயத்தில்தான் இருக்கிறது. டித்வா புயலுக்குப் பிறகு அந்த இடம் ஆபத்து, எழும்பிப் போ என்கிறார்கள். எங்கே போவது என்று யாரும் சொல்லவில்லை. மலையைக் காப்பது என்றால் எங்கள் சனத்தை மலையிலிருந்து துரத்துவதுதானா? (வாசகி, பாரதிபுரம், கிளிநொச்சி)*

தங்கச்சி, உங்கள் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். என் அம்மாச்சியும் மலையிலிருந்து இறங்கி வந்தவர்தான். 1977 கலவரத்துக்குப் பிறகு, கையில் ஒரு தகரப் பெட்டியோடு. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் அப்படி வந்து காடு வெட்டிக் குடியிருந்த குடும்பங்கள் எத்தனை என்று உங்களுக்குத் தெரியும். சாகும்வரைக்கும் அம்மாச்சிக்கு ‘மலை’ என்றால் வேலைக்குப் போகிற இடம். ‘விடிய மலைக்குப் போனோம்’ என்பார், கொழுந்து பறிக்கப் போனோம் என்று அர்த்தம். மலையை நின்று அழகு பார்த்ததாக ஒரு கதையும் அவர் சொன்னதில்லை.

இந்தச் சனம் மலைக்குப் போன வழியே நம் வன்னி வழிதான். தலைமன்னாரில் இறங்கி, காட்டுப் பாதையால் மாத்தளைக்கு நடந்தார்கள், வழியில் காய்ச்சலிலும் தாகத்திலும் செத்தார்கள். 2023 இல், வந்து 200 வருடம் என்று நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மறுபடி நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 1840 இல் வெள்ளைக்காரன் ஒரு சட்டம் போட்டு உறுதி காட்ட முடியாத காட்டையெல்லாம் முடிக்குரிய காணி ஆக்கினான், பிறகு கோப்பிக்காக விற்றான். 1869 இல் கோப்பி இலையில் துருநோய் கண்டது, கொஞ்ச வருடத்தில் கோப்பி படுத்துவிட்டது, 1867 இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தொடங்கியிருந்த தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. 5000 அடிக்கு மேலே உள்ள காட்டைத் தொடாதீர்கள் என்று ஜோசப் ஹூக்கர் என்ற தாவரவியல் அறிஞர் ஆலோசனை சொல்லி, 1873 இல் அப்படி ஒரு கட்டளையும் வந்தது. இன்றைக்கு ஹோர்ட்டன் சமவெளிப் பக்கம் காடு மிஞ்சியிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். அதற்குக் கீழே இருந்த காடு பெரும்பாலும் போய்விட்டது. கத்தியைப் பிடித்த கை நம் ஆட்களுடையது, வெட்டச் சொன்னவன் வேறு ஆள், இலாபம் போன இடமும் வேறு. அதனால் மலை கெட்டதற்கான கணக்கை லயத்தில் இருப்பவர்களிடம் கேட்பது அநியாயம். இதை நான் எங்கேயும் சொல்வேன்.

ஆனால் ஆபத்து உண்மையானது, தங்கச்சி. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனது மறக்கக்கூடியதா? 2025 நவம்பர் கடைசியில் டித்வா வந்தபோது கண்டி, பதுளை, நுவரெலியா என்று எத்தனை இடத்தில் சரிந்தது. அதே நாட்களில் மன்னாரிலும் முல்லைத்தீவிலும் நாம் வெள்ளத்துக்குள் நின்றோம், ஒரே மழைதான். காடு நின்றிருந்தால் ஒரு இடமும் சரிந்திராது என்று நான் சொல்ல மாட்டேன், அந்த அளவு மழைக்குக் காட்டு மலையும் சரியும். ஆனால் வேர் பிடித்த மண்ணும், கான் ஒழுங்காக வெட்டி வைத்த சரிவும், வீட்டுக்காகவும் பாதைக்காகவும் அடிவாரத்தை நெட்டாக வெட்டாத மலையும் எவ்வளவோ மழையைத் தாங்கும்.

மாமிக்கு இன்றைக்கே தொலைபேசியில் சொல்ல வேண்டியவை சில. மேலே நிலத்தில் புதிதாக வெடிப்புக் கண்டால், நேராக நின்ற மரமோ கம்பமோ சாய்ந்தால், சுவரில் வெடிப்பு அகன்றால், கதவு திடீரென்று இறுகினால், இல்லாத இடத்தில் ஊற்று வந்தால், இருந்த ஊற்று கலங்கினால் அல்லது நின்றுபோனால் இரவென்றும் பார்க்காமல் வெளியேற வேண்டும். சாமானை எடுக்கத் திரும்பிப் போகக் கூடாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச வாரியாக மண்சரிவு எச்சரிக்கை விடுகிறது, மழை நாட்களில் அதை வானொலியில் கவனிக்கச் சொல்லுங்கள். அந்த இடத்தைப் பரிசோதித்து எழுத்தில் முடிவு தரும்படி பிரதேச செயலகம் மூலமாகக் கேட்கலாம், கேட்க வேண்டும். எழுத்தில் இருந்தால்தான் மாற்றுக்காணி கேட்கிறபோது கையில் ஏதாவது இருக்கும்.

காணிதான் இதன் முடிச்சு. லயத்துக் குடும்பத்துக்கு 7 பேர்ச் காணி என்று எத்தனை வருடமாகப் பேசுகிறார்கள். சொந்தக் காணி இல்லாதவன் எந்தச் சரிவில் மரம் நடுவான், எந்த மேட்டில் வெட்டிவேர் வைப்பான், நாளைக்கு எழுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில் இருப்பவனுக்கு இருபது வருடத்தில் நிழல் தருகிற மரம் எதற்கு? கைவிட்டுப் பற்றை மண்டிக் கிடக்கிற தேயிலைக் காணி மலையில் நிறைய இருக்கிறது. அதில் நெட்டான சரிவைக் காட்டுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பாதுகாப்பான இடத்தில் வீட்டையும், அதைச் சுற்றிப் பலா, கித்துள், மிளகு, கறுவா என்று அடுக்கடுக்கான தோட்டத்தையும் அந்தச் சனத்தின் பெயரிலேயே கொடுத்தால் மண்ணும் நிற்கும், சனமும் நிற்கும். கண்டிப் பக்கத்து வீட்டுத் தோட்டங்கள் தலைமுறைக்கணக்காக அப்படித்தான் மண்ணைப் பிடித்து வைத்திருக்கின்றன. ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில், இல்லை. துரத்திவிட்டுக் காப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆபத்தான சரிவிலிருந்து நல்ல காணிக்குப் போவது வேறு, தெருவுக்குப் போவது வேறு.

*கேள்வி: நுவரெலியாவுக்குச் சுற்றுலா போனபோது பைனஸ் காடு பார்த்தோம், என்ன அழகு! அதை அகற்ற வேண்டும் என்று சிலர் சொல்கிறார்களே, மரம் என்றால் மரம்தானே? (வவுனியா வாசகர்)*

தம்பி, அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் கொஞ்ச நேரம் அதற்குள் நின்று காது கொடுத்துப் பார்த்தீர்களா? குருவிச் சத்தம் மிகக் குறைவாக இருக்கும். 1970களிலும் 80களிலும் வெறுமையாகிக் கிடந்த மலைச்சரிவை மூடுவதற்கு கரீபியன் பைனஸை வரிசையாக நட்டார்கள். வேகமாக வளர்ந்தது, மூடியது. அதன் ஊசியிலை கீழே மெத்தையாக விழுந்து கோடையில் நெருப்புக்கு நல்ல தீனி, கீழே வேறு கன்று எழும்புவதும் கஷ்டம். பைனஸ் வந்த பிறகு ஊற்று வற்றியது என்று அந்தப் பக்கத்துக் கிராமத்தவர்கள் சொல்வார்கள்.

அதற்காக ஒரே நாளில் வெட்டித் தள்ளினால் சரிவு மொட்டையாகிவிடும், அது இன்னும் மோசம். இதற்கு ஒரு நல்ல வழியைச் சிங்கராஜக் காட்டோரத்தில் செய்து காட்டியிருக்கிறார்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் நிமல் குணதிலக, சாவித்திரி குணதிலக தம்பதியும் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக வனவியலாளர் மார்க் அஷ்டனும் பைனஸ் தோட்டத்தில் சில வரிசைகளை மட்டும் எடுத்துவிட்டு, இடைவெளியில் அந்த மழைக்காட்டின் சொந்த மரக்கன்றுகளை நட்டார்கள். மிச்சப் பைனஸ் அந்தக் கன்றுகளுக்குப் பந்தலாக நின்றது. அந்நிய மரத்தை வைத்தே உள்ளூர்க் காட்டை வளர்த்தெடுப்பது, எனக்கு மிகவும் பிடித்த யோசனை.

நம் பக்கத்துத் தேக்கங்காட்டையும் இதே கண்ணால் பாருங்கள். கோடையில் இலை உதிர்த்து நிற்கிற தேக்குக்குக் கீழே முதல் மழை அடிக்கும்போது மண் எப்படிக் கரைகிறது என்று போய்ப் பார்த்தால் தெரியும். தேக்கு வேண்டாம் என்று சொல்லவில்லை, தளபாடத்துக்கு மரம் வேண்டும், ஆனால் அது தோட்டம், அதைக் காட்டுக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

*கேள்வி: எங்கள் அப்பாவின் காலத்தில் சேனை செய்த காணி. இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தபோது காடாகிக் கிடந்தது. துப்புரவாக்கப் போனால் எல்லைக்கல் போட்டிருக்கிறார்கள், காடாம். இயற்கைப் பாதுகாப்பு என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றி எரிகிறது. நீங்கள் எந்தப் பக்கம்? (குமுழமுனை வாசகர்)*

அண்ணை, உங்கள் கோபத்தை நான் புரிந்துகொள்கிறேன். வருடக்கணக்காக ஆள் இல்லாமல் விட்டால் வன்னி மண்ணில் எதுவும் காடாகும், அது மண்ணின் குணம், உங்கள் குற்றம் இல்லை. துப்பாக்கிக்குப் பயந்து போனவனின் காணியை, நீ இல்லாத நேரத்தில் மரம் வளர்ந்தது என்று காரணம் காட்டி எடுப்பது பாதுகாப்பு ஆகாது.

நான் காட்டின் பக்கம். காட்டோடு வாழ்கிறவனை எதிரியாக்கிய இடத்தில் காடும் தப்பவில்லை என்பதாலேயே உங்கள் பக்கமும் நிற்கிறேன். நேபாளத்தைப் பாருங்கள். மலைநாடு, ஏழை நாடு, 1970களில் அங்கே மலைக்காடு கண்முன்னால் அழிந்துகொண்டிருந்தது. காடு அரசாங்கத்துடையது, மக்கள் திருடர்கள் என்ற கணக்கில் காவல் போட்டும் நிற்கவில்லை. பிறகு வழியை மாற்றினார்கள். 1993 இல் வந்த வனச்சட்டம், பக்கத்துக் கிராமத்தவர்கள் குழுவாகச் சேர்ந்து காட்டைப் பொறுப்பெடுக்க இடம் கொடுத்தது. எப்போது விறகு எடுப்பது, எந்தப் பகுதியில் புல் அறுப்பது, எந்தப் பகுதியை மூடி வைப்பது, மீறினவனுக்கு என்ன தண்டம் என்று குழுவே தீர்மானிக்கும், விற்ற காசும் குழுவுக்கு வரும். அப்படி 22,000 க்கு மேற்பட்ட குழுக்கள். 1992 இல் நாட்டின் 26 வீதமாக இருந்த காடு 2016 இல் 45 வீதமானது. ஆண்கள் வெளிநாட்டு வேலைக்குப் போய் மலை வயல்கள் கைவிடப்பட்டதும் அதற்கு ஒரு காரணம்தான், ஆனாலும் வளர்ந்த காட்டைக் காத்தது அந்தக் கிராமத்தவர்கள். குறையும் இருந்தது, சில குழுக்களில் வசதியானவர்கள் பதவியைப் பிடித்துக்கொண்டு ஏழை வீட்டுக்கு விறகு கொடுக்கவில்லை. அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

உங்கள் காணிக்கு வருவோம். பழைய அனுமதிப்பத்திரம், வரி கட்டின துண்டு, கச்சேரிக் கடிதம், எதுவும் தப்பியிருந்தால் பிரதி எடுத்து வையுங்கள். இல்லாவிட்டால் காணியே சாட்சி சொல்லும். இடிந்த கிணறு, புளியமரம், வரிசையாக நிற்கிற தென்னையோ மாவோ, பழைய வரம்பு, கோயில் கல், எல்லாவற்றையும் படம் எடுத்து, ஊரில் மூத்தவர்களின் வாக்குமூலத்தோடு சமாதான நீதவான் ஒருவரிடம் கையெழுத்து வாங்கிப் பிரதேச செயலாளருக்குக் கொடுங்கள். தனியாகப் போகாமல் ஊராகப் போங்கள். அப்புறம் ஒன்று, காணி கைக்கு வந்தால் குளத்துக்கு மேலே உள்ள பக்கத்தை மட்டும் நீங்களே விட்டுவிடுங்கள். கல் போட்டு யாரும் சொல்லாமல், நீங்களாக.

*கேள்வி: அனுமன் தூக்கி வந்த சஞ்சீவி மலையின் துண்டு ஒன்று ரிட்டிகலவில் விழுந்ததாமே. அங்கே போய் மூலிகை கொண்டுவரலாமா? (சித்த வைத்தியர் வீட்டுப் பிள்ளை, மல்லாவி)*

அந்தக் கதை சிங்கள மக்களிடமும் இருக்கிறது, தமிழர்களிடமும் இருக்கிறது, உச்சியில் வேறு மாதிரிச் செடிகள் இருப்பதைப் பார்த்த யாரோ அப்படி நினைத்திருக்க வேண்டும். கொண்டுவரக் கூடாது, தம்பி. 1941 இலிருந்து அது கடும் பாதுகாப்புள்ள இயற்கை ஒதுக்கிடம், ஒரு இலை பறித்தாலும் குற்றம். அந்த ஈரத்துக்குப் பழகியது மல்லாவி வெயிலில் பிழைக்கவும் மாட்டாது. உங்கள் பாட்டனார் எந்தெந்த மூலிகையை எந்தக் காட்டில் எடுத்தார் என்று எழுதி வைத்து, அவற்றை வீட்டு வளவில் வளருங்கள்.

*கேள்வி: எங்கள் ஊர்ப் பாறைமலையில் கருங்கல் உடைக்க ஒருவர் வந்திருக்கிறார். பத்துப் பன்னிரண்டு பொடியன்களுக்கு வேலை கிடைக்கும் என்கிறார். ஊர் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. (இளைஞர் கழக உறுப்பினர், நெடுங்கேணிப் பக்கம்)*

தம்பி, வெட்டின காடு திரும்பி வரும், காலம் எடுத்தாலும் வரும். உடைத்த மலை வராது. மலைக்காட்டை மீட்கிற வேலையில் எதையும் மீட்கலாம் என்று பேசுகிறார்கள், பாறையை யாரும் மீட்டதில்லை.

வீடு கட்டச் சல்லி வேண்டும், வீதிக்குக் கல் வேண்டும், அதை மறுக்க முடியாது. ஆனால் எந்த மலையை உடைப்பது என்பதைக் கல் வாங்குகிறவர் மட்டும் தீர்மானிக்கக் கூடாது. பாறையில் விழுகிற மழை வழிந்து அடிவாரத்து மண்ணில் இறங்குகிறது, அதனால்தான் அடிவாரக் கிணறுகளில் தண்ணீர் நிற்கிறது. வெடி வைத்தால் அந்தக் கிணறு என்ன ஆகும், பக்கத்து வீட்டுச் சுவர் என்ன ஆகும், குழியில் தண்ணீர் நின்று பிள்ளைகள் விழுந்தால் யார் பொறுப்பு என்று கேளுங்கள். வேலை என்றாரே, எத்தனை வருடத்துக்கு? மலை முடிந்ததும் வேலையும் முடியும்.

கல் உடைக்கப் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும், சுற்றாடல் அனுமதியும் வேண்டும். அவற்றின் பிரதியைக் காட்டச் சொல்லுங்கள். காட்டாவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் நீங்களே விண்ணப்பிக்கலாம். எவ்வளவு ஆழம், எத்தனை கன அடி, எத்தனை மணிக்கு வெடி, முடிந்த பிறகு இடத்தை எப்படி விட வேண்டும் என்ற நிபந்தனைகளைக் கேளுங்கள். அந்தக் காகிதத்தை ஊர்க்கூட்டத்தில் சத்தமாக வாசியுங்கள். இரண்டாகப் பிரிந்த ஊர் ஒன்றாக இருந்து கேட்கக்கூடிய விஷயம் அது ஒன்றுதான் இப்போதைக்கு.

*கேள்வி: நாங்கள் பாடசாலையால் ஹோர்ட்டன் சமவெளிக்குப் போகிறோம். அங்கே என்ன பார்க்க வேண்டும்? (தரம் 8 மாணவி, புதுக்குடியிருப்பு)*

பிள்ளை, எல்லோரும் ‘உலக முடிவு’ பள்ளத்தைப் பார்க்க ஓடுவார்கள், நீங்களும் பாருங்கள். ஆனால் வழியில் மெதுவாக நடங்கள். நீங்கள் நிற்பது 2100 மீற்றருக்கு மேலே. மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் தண்ணீர் அங்கிருந்துதான் தொடங்குகிறது. 1988 இலிருந்து தேசிய பூங்கா, 2010 இல் நக்கிள்ஸ், சிவனொளிபாதமலைக் காடுகளோடு சேர்த்து யுனெஸ்கோ உலக மரபுரிமை ஆக்கியது.

மரங்கள் குட்டையாக, முறுகி, உடம்பெல்லாம் பாசி பிடித்து நிற்கும். மழை பெய்யாத நேரத்திலும் அந்தப் பாசியைப் பாருங்கள், ஈரமாக இருக்கும். முகில் வந்து மோதும்போது இலையும் பாசியும் அதிலுள்ள தண்ணீரை வடித்தெடுத்து மண்ணுக்குச் சொட்டுச் சொட்டாக விடுகின்றன. தொட வேண்டாம், கிட்டப் போய்ப் பார்த்தால் போதும். சில இடத்தில் மரங்கள் கூட்டமாக நின்றபடி பட்டுப்போயிருக்கும், ஏன் என்று அறிவியலாளர்கள் வருடக்கணக்காக ஆராய்கிறார்கள். மஞ்சள் பூவோடு ஒரு முட்செடி கண்டால் அது ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்தது, புல்வெளியைத் தின்றுகொண்டு பரவுகிறது, ஆட்களைச் சேர்த்துப் பிடுங்குகிறார்கள்.

வாசலில் பையைச் சோதித்து பொலித்தீனை எடுத்துவிடுவார்கள், ஆகவே சாப்பாட்டை டப்பாவில் கொண்டுபோங்கள். குளிரும், ஒரு சுவெட்டர் எடுங்கள், உங்கள் வகுப்பில் சுவெட்டர் இல்லாத பிள்ளைகள் இருப்பார்கள், ரீச்சரிடம் முன்கூட்டியே சொல்லி இரண்டு மூன்று இரவல் வாங்கி வையுங்கள். திரும்பி வந்ததும் அந்தப் பாசி எப்படி இருந்தது என்று எனக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.